சல்யூட் அடித்தவரும் மஞ்சள் வானும்

1935ஆம் ஆண்டு, லிவர்ப்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ விளையாட்டுச் சாமான் தொழிற்சாலை, 44ஆம் இலக்க டிங்கி செட்டைக் கடைகளுக்கு அனுப்பியது. பெட்டிக்குள் நான்கு சாமான்கள். தகரத்தில் செய்த ஒரு குடில். சைட்கார் பூட்டிய ஒரு மோட்டார் சைக்கிள், அதில் ஏறியிருக்கும் ஓட்டியோடு. கைகாட்டி வாகனங்களை வழிநடத்தும் ஒருவர். நெற்றிக்குக் கையை உயர்த்தி சல்யூட் அடிக்கும் இன்னொருவர். நான்கும் ஏஏ என்று பிரித்தானியாவில் எல்லாரும் சொல்லும் ஓட்டோமொபைல் அசோசியேஷனுக்கு உரியவை. அதே ஆண்டில் போட்டிச் சங்கமான ரோயல் ஓட்டோமொபைல் கிளப்புக்கும், அதாவது ஆர்ஏசிக்கும், இதே அமைப்பில் 43ஆம் இலக்க செட் வெளிவந்தது. ஏஏவின் நிறம் மஞ்சள், ஆர்ஏசியின் நிறம் நீலம்.

வீதியில் நின்றுபோன காருக்கு உதவ வரும் வாகனங்களின் சின்ன மாதிரிகளைத்தான் நான் சேர்க்கிறேன். வேறு எதையும் வாங்குவதில்லை. வடக்கு லண்டனில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அலமாரியில் எல்லாவற்றையும் ஆண்டு வரிசைப்படி வைத்திருக்கிறேன். இந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க எனக்குள் உறுதியான எண்ணம் ஒன்று உண்டு. பிரித்தானிய வீதிகளில் ஒரு தொழில் பிறந்ததையும் மாறியதையும் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைவிட இந்த விளையாட்டுச் சாமான்கள் தெளிவாகச் சொல்கின்றன. 1935இல் நான்கு சாமான்களில் மூன்றில் மனிதர் இருக்கிறார். முப்பது வருடம் தள்ளிப் பார்த்தால் வான் மட்டும் நிற்கிறது.

சல்யூட் அடிக்கும் அந்த மனிதரிலிருந்து தொடங்க வேண்டும். அது வெறும் மரியாதை என்று நினைத்தால் பாதிக் கதை போய்விடும்.

1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் பிரித்தானியாவில் கார்களுக்கு மணிக்கு 20 மைல் என்று வேக எல்லை போட்டது. பொலிசார் வேலிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அளந்து வைத்த தூரத்தைக் கார் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, ஓட்டியவரைப் பிடித்து அபராதம் போட்டார்கள். லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் வீதி இதற்குப் பேர்போனது. இந்தப் பொறிகளிலிருந்து தப்புவதற்காகவே கார்க்காரர்கள் சிலர் 1905 ஜூன் 29ஆம் திகதி லண்டன் ட்ரொக்கடேரோ உணவகத்தில் கூடி ஏஏயை உருவாக்கினார்கள். கார்ப் பந்தய வீரர் சார்ல்ஸ் ஜாரட் இதில் முன்நின்றவர்களில் ஒருவர். பழுது பார்ப்பது அப்போது அவர்கள் நோக்கமே அல்ல. சைக்கிளில் ஆட்களை அனுப்புவார்கள், பொலிஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் பார்த்து வைப்பார்கள், எதிரே வரும் கார்களுக்கு எச்சரிக்கை காட்டுவார்கள். அந்த ஆட்களுக்கு ஸ்கவுட் என்று பெயர்.

பொலிஸ் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? வேகமாக வந்த காருக்குச் சைகை காட்டி மெதுவாக்க வைத்த ஒரு ஏஏ ஆள் மீது, கடமையைச் செய்யவிடாமல் தடுத்தார் என்று வழக்குப் போட்டார்கள். பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் என்ற அந்த வழக்கு 1910ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. தலைமை நீதிபதி அல்வர்ஸ்டன் பிரபு இருந்த அமர்வு பெட்ஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இனி வெளிப்படையாக எச்சரித்தால் குற்றம்.

சங்கம் அப்போது கண்டுபிடித்த வழி என்னை இன்றைக்கும் மகிழ வைக்கிறது. உறுப்பினர்களின் காரின் முன்புறத்தில் ஏஏ பட்ஜ் பூட்டியிருக்கும். ஆரம்பகாலப் பட்ஜ்களில் முதல் செயலாளர் ஸ்டென்சன் குக்கின் பெயரே பொறித்திருக்கும். அந்தப் பட்ஜைக் கண்டதும் வீதியோர ஆள் சல்யூட் அடிப்பார். முன்னால் பொலிஸ் இருந்தால் அடிக்கமாட்டார். சல்யூட் கிடைக்காத உறுப்பினர் காரை நிறுத்தி ஏன் என்று கேட்க வேண்டும் என்பது சங்கத்தின் அறிவுரை. ஒருவர் சல்யூட் அடித்ததற்காக அவரைத் தண்டிக்க முடியாது. அடிக்காமல் விட்டதற்கு எந்த நீதிமன்றம் தண்டிக்கும்?

டிங்கி பொம்மை வந்த காலத்தில் அந்த அர்த்தம் தேய்ந்துகொண்டிருந்தது. 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 20 மைல் எல்லையை எடுத்துவிட்டது. 1935 மார்ச்சில் நகர்ப்பகுதிகளுக்கு மட்டும் 30 மைல் என்று புதிய எல்லை வந்தது. ஆகவே அந்த ஆண்டு ஒரு பிள்ளை தன் கம்பளத்தின்மேல் நிறுத்தி வைத்த சல்யூட்காரர், முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு கண்ணாமூச்சியின் மிச்சம். பிள்ளைக்கு அது தெரிந்திருக்காது. தகப்பனுக்குத் தெரிந்திருக்கும். தகப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி இருந்த விளையாட்டுச் சாமான் என்பதால்தான் 44ஆம் இலக்கத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

மனிதர்களை ஏன் வார்த்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மெக்கானோவின் உரிமையாளர் ஃபிராங்க் ஹோர்ன்பி ஓ கேஜ் விளையாட்டு ரயில்கள் செய்து விற்றவர். அந்த ரயில் பாதைக்குப் பக்கத்தில் வைப்பதற்காக ஸ்டேஷன் ஊழியர்கள், பயணிகள், ஆடு மாடுகள் எல்லாம் வார்த்து விற்றார். அதன் தொடர்ச்சியாகத்தான் கார்களும் லொறிகளும் வந்தன. 1934இல் அவற்றுக்கு டிங்கி டோய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற ஓ கேஜ் கணக்கிலிருந்துதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் 1:43 என்ற கார் மாதிரி அளவும் வந்தது. ரயில் பாதைக்கு ஊழியர் இல்லாமல் முடியாது என்று நினைத்த தொழிற்சாலைக்கு, கார் வீதிக்கும் ஊழியர் வேண்டும் என்று தோன்றியது இயல்பு.

செட்டில் இருந்த குடிலையும் கவனிக்க வேண்டும். 1912 வாக்கில் ஏஏ வைக்கத் தொடங்கிய இந்தப் பெட்டிகள், மழையிலும் குளிரிலும் சந்தியில் நின்ற ஸ்கவுட் ஒதுங்குவதற்கான காவல் கூண்டுகள்தான். பிறகு அவற்றுக்குள் தொலைபேசி வந்தது. உறுப்பினர்களுக்குச் சாவி கொடுத்தார்கள். நடு இரவில் எங்கோ ஒரு மலைப்பாதையில் கார் நின்றால், பெட்டிவரை நடந்துபோய், சாவியால் திறந்து, உதவி கேட்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் உண்டு. லேக் டிஸ்ட்ரிக்டில் கிராஸ்மியருக்கு வடக்கே, டன்மெயில் ரெய்ஸ் என்ற கணவாயில் 487ஆம் இலக்கப் பெட்டி கறுப்பும் மஞ்சளுமாக இன்னும் நிற்கிறது, பாதுகாக்கப்பட்ட கட்டடமாக. ஆளுக்கென்று கட்டிய கூண்டுக்குள் தொலைபேசி போய் உட்கார்ந்த நாளிலிருந்தே ஆள் அந்த இடத்தில் நிற்க வேண்டிய தேவை குறையத் தொடங்கிவிட்டது.

மோட்டார் சைக்கிள் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஏஏ சைக்கிள்களை விட்டு சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள்களுக்கு மாறியது. சைட்கார் என்றால் ஆள் உட்காரும் தொட்டில் அல்ல. மூடிபோட்ட ஆயுதப் பெட்டி. ஸ்பனர்கள், பெற்றோல் கலன், தீயணைப்பான், முதலுதவிச் சாமான் என்று ஒரு சின்னக் கராஜே அதற்குள் அடங்கும். பின்னாட்களில் ஏஏவின் அடையாளமாகவே ஆகிவிட்டது பிஎஸ்ஏ எம்21. 591 சிசி, ஒற்றைச் சிலிண்டர், சைட் வால்வ். வேகத்துக்கு ஆசைப்படுபவன் அதைத் திரும்பியும் பாரான். ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும் என்ஜின் அது. பாரமான பெட்டியைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க மெதுவாக ஓடி, நின்று, மறுபடி கிளம்பும். தேர்ந்தெடுத்தவர் வேலை தெரிந்தவர். ஆர்ஏசி நோர்ட்டனை விரும்பியது. அதுவும் சைட் வால்வ்தான்.

பழுதான காரிடம் மெக்கானிக் தேடிப்போவது எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவின் கராஜில்தான் நான் தொழில் படித்தேன். மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ40உம்தான் அங்கே பெரும்பாலும் வரும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராதபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினோம். புகைத்தன, இருமின, ஆனாலும் ஓடின. அடிக்கடி நடுவழியில் நிற்கவும் செய்தன. "தம்பி, நாவற்குழிப் பக்கம் ஆரோ நிக்கினமாம், ஸ்பனர் பெட்டியை எடு" என்பார் சித்தப்பா. நான் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மிதிப்பேன். அதனால், லண்டனில் ஒரு புத்தகத்தில் சைக்கிளோடு நிற்கும் ஆரம்பகால ஏஏ ஸ்கவுட்டின் படத்தைப் பார்த்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் சேர்க்கத் தொடங்கியது அந்தப் படத்தால்தான்.

டிங்கி தன் ஏஏ மோட்டார் சைக்கிளைப் போருக்குப் பிறகும் விட்டுவிடவில்லை. 1959இல் அதற்கு 270 என்று புதிய இலக்கம் கொடுத்தது. அதே ஓட்டியும் சைட்காரும் நிறத்தையும் எழுத்தையும் மாற்றி, 271 என்று பெல்ஜியத்தின் டூரிங் செக்கூர் சங்கத்துக்கும், 272 என்று நெதர்லாந்தின் ஏஎன்டபிள்யூபி சங்கத்துக்கும் போயின. அந்த இரண்டும் பிரித்தானியக் கடைகளுக்காகச் செய்தவை அல்ல. ஆகவே இங்கே அவற்றைக் காண்பது அரிது, கண்டால் விலை கேட்கவே பயம். ஓட்டியின் முகம் மூன்றிலும் ஒன்றேதான்.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது றேடியோ. 1949இல் ஏஏ லண்டனில் இரவுநேரப் பழுது உதவிச் சேவையை றேடியோ தொடர்போடு தொடங்கியது. இதன் விளைவை மெக்கானிக்காக நான் இப்படிப் பார்க்கிறேன். அதுவரை உதவுகிறவர் ஒரு வீதிக்கு உரியவர். அந்த வீதியின் வளைவு, பள்ளம், பக்கத்து விவசாயியின் பெயர் எல்லாம் அவருக்குத் தெரியும். கார் அவரைத் தாண்டிப் போகும், அவர் சல்யூட் அடிப்பார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். றேடியோ வந்ததும் அவர் வீதிக்கு உரியவராக இல்லாமல் அழைப்புக்கு உரியவர் ஆனார். எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே போக வேண்டும். சந்தியில் காத்து நிற்பது வீண் செலவு. வாகனங்களும் பெருகிவிட்டன. ஒவ்வொரு பட்ஜுக்கும் கை உயர்த்தினால் ஹாண்டிலைப் பிடிப்பது எப்போது? 1960களின் தொடக்கத்தில் ஏஏ சல்யூட்டைக் கைவிட்டது.

விளையாட்டுச் சாமான்கள் இதை உடனே பிடித்துக்கொண்டன. வேல்ஸின் சுவான்சியில் மெட்டோய் நிறுவனம் 1956இல் கோர்கி டோய்ஸை ஆரம்பித்திருந்தது. கண்ணாடி ஜன்னல் வைத்த கார் மாதிரிகள் என்பதே அதன் பெருமை. 1959இல் கோர்கி தன் 416ஆம் இலக்கத்தில் ஆர்ஏசியின் நீல லான்ட் ரோவரை வெளியிட்டது. அதன்மேல் எழுதியிருந்தது றேடியோ ரெஸ்கியூ. மனிதரின் தொப்பியையும் கால்பட்டியையும் காட்டித் தன்னை அறிமுகப்படுத்திய சேவை, இப்போது தன்னிடமுள்ள கருவியின் பெயரால் தன்னை அறிமுகப்படுத்துகிறது. இந்த லான்ட் ரோவரும் பெல்ஜியத்துக்காக மஞ்சள் நிறத்தில் டூரிங் செக்கூர் எழுத்தோடு கொஞ்சம் வந்தது.

பிறகு மினி வான். டிங்கி 274, ஏஏ மினி வான், 1964. டிங்கி 273, ஆர்ஏசி மினி வான், 1965, நீல உடல், வெள்ளைக் கூரை. என்னிடம் இருப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் 274ஐத்தான் கையில் எடுப்பேன். பின்கதவுகள் இரண்டும் திறக்கும். ஜன்னல் உண்டு, இருக்கை உண்டு, ஸ்பிரிங் உண்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆளின் இடத்தைப் பிடித்தது கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் பலகை. தூரத்திலிருந்தே மஞ்சளைக் கண்டு நிம்மதி அடைவதற்கானது அது.

அந்தப் பலகைதான் இந்த மாதிரியின் பலவீனமும். பிள்ளைகள் வானைக் கவிழ்த்து உருட்டினால் முதலில் உடைவது அதுவே. இன்றைக்குச் சந்தையில் வரும் 274களில் பலவற்றில் இருப்பது பின்னாளில் செய்த மாற்றுப் பலகை. வாங்கும்போது நான் முதலில் கூரையைப் பார்ப்பேன். மாற்றுப் பலகையின் எழுத்து கொஞ்சம் தடிப்பாகவோ மஞ்சள் கொஞ்சம் பளிச்சென்றோ இருக்கும். பிறகு பக்கத்துச் சின்னத்தைப் பார்ப்பேன். 1967இல் ஏஏ தன் பழைய இறக்கை வைத்த சின்னத்தை விட்டு மஞ்சள் சதுரத்துக்குள் இரண்டு எழுத்து என்ற புதிய சின்னத்துக்கு மாறியது. டிங்கியும் அதைப் பின்பற்றியது. 274 எழுபதுகளின் தொடக்கம்வரை விற்பனையில் இருந்ததால், ஒரே வார்ப்பில் இரண்டு சின்னங்களும் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை என் வரிசை முடிந்ததாக எனக்குத் தோன்றாது.

சாண்டவுன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் நடக்கும் விளையாட்டுச் சாமான் சந்தையில், நின்றுபோன கார்களுக்கு உதவும் ரோந்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரோடு பேசக் கிடைத்தது. நான் கையில் வைத்திருந்த 274ஐ வாங்கி, பின்கதவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, "இங்கே பற்றரி, இங்கே இழுக்கும் கயிறு, இங்கே என் சாப்பாட்டுப் பெட்டி" என்று காட்டினார். மோட்டார் சைக்கிளிலிருந்து மினிக்கு மாறிய குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டேன். கால் விரல்கள் காய்ந்திருந்தன, அதுபோதும் என்றார். நான் இழந்ததாக நினைக்கும் எதையும் அவர் இழந்ததாக நினைக்கவில்லை. பனியில் வேலை செய்தவர் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் சல்யூட் பற்றிக் கேட்டபோது எழுந்து நின்று அடித்துக் காட்டினார். விரல் நுனியும் முழங்கையும் அந்தப் பொம்மையில் இருந்த அதே கோணத்தில் இருந்தன.

எழுபதுகளில் டிங்கியின் 412, பெட்ஃபர்ட் சிஎஃப் வான், ஏஏ நிறத்தில் வந்தது. பெரிது, எளிது, எனக்குப் பெரிய பற்று இல்லை. 1979 நவம்பரில் பின்ஸ் ரோட் தொழிற்சாலை மூடியது. மெட்டோய் 1983இல் விழுந்தது. மாச்பொக்ஸ் கார்களை உருவாக்கிய லெஸ்னியின் ஜாக் ஓடெல், தன் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக அடுக்கி லெடோ என்ற கொம்பனியைத் தொடங்கினார். அந்தக் கொம்பனி தொண்ணூறுகளில் வான்கார்ட்ஸ் என்ற வரிசையில் ஃபோர்ட் ஆங்லியா, மொரிஸ் மைனர், மினி வான்களை ஏஏ, ஆர்ஏசி நிறங்களில் 1:43 அளவில் செய்தது. லெடோவும் 1999இல் விழுந்து கோர்கியிடம் போனது. கோர்கி 2008இல் ஹோர்ன்பியிடம் போனது. இன்று சுவான்சியின் ஒக்ஸ்ஃபர்ட் டைகாஸ்ட், ஓஓ கேஜ் ரயில் பாதைக்குப் பொருந்தும் 1:76 அளவில், பிஎஸ்ஏ சைட்காரையும் செய்து விற்கிறது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

இந்தப் புதிய மாதிரிகள் பிள்ளைகளுக்கானவை அல்ல. வளர்ந்தவர்களுக்கானவை. அச்சு எழுத்து அவ்வளவு நுணுக்கம், கதவின் இடைவெளி அவ்வளவு சரி, இலக்கத் தகடு உண்மையான வாகனத்தினுடையது. பழைய டிங்கியில் இதெல்லாம் கிடையாது. ஆனால் பழைய டிங்கிக்கு ஒரு நோய் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் புதிதாக வாங்க வருகிறவர் ஏமாறுவார். மசாக் என்ற துத்தநாகக் கலவையில்தான் இவற்றை வார்த்தார்கள். போருக்கு முந்திய வார்ப்புகளில் சில சமயம் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டது. அந்த அசுத்தம் வருடக்கணக்கில் உலோகத்துக்குள்ளேயே வேலை செய்யும். முதலில் தலைமயிர் அளவு வெடிப்பு, பிறகு வளைவு, கடைசியில் தொட்டால் உதிரும். மருந்து கிடையாது. ஈரமில்லாத, வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெடிப்பை மறைக்க மேலே வர்ணம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் போருக்கு முந்திய சாமானை வாங்க வேண்டாம்.

44ஆம் இலக்க செட்டில் எது அதிகம் தப்பிப் பிழைத்தது என்றால், மோட்டார் சைக்கிள்தான். அது போருக்குப் பிறகும் வந்தது, கைக்கு அடக்கம், உருளும். குடில் தகரம் என்பதால் நசுங்கியும் துருப்பிடித்தும் கிடைக்கும். சல்யூட் அடிப்பவரும் கைகாட்டுபவரும்தான் முதலில் தொலைந்தவர்கள். இப்போது தனியாக வருகிறவர்களில் மறுவார்ப்புகள் கலந்திருக்கின்றன. என்னிடம் இருக்கும் சல்யூட்காரரின் தொப்பியில் வர்ணம் போய்விட்டது. அதைத் தொடமாட்டேன்.

வெள்ளை உலோகத்தில் சின்ன மனிதர்களை வார்த்து விற்கும் சிறு பட்டறைகள் பிரித்தானியாவில் நிறைய உண்டு. ரயில்வே ஊழியர், பால்காரர், தபால்காரர், பொலிஸ்காரர் எல்லாரும் கிடைக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் மினி வானுக்குப் பக்கத்தில் நிறுத்த, பொனட்டைத் திறந்து குனிந்து பார்க்கும் ஒரு ரோந்துக்காரரை 1:43 அளவில் நான் தேடுகிறேன். சல்யூட் வேண்டாம். கையில் ஒரு ஸ்பனர் போதும். வார்த்துத் தர ஒரு பட்டறை முன்வந்தால், அந்த உடுப்பின் பொத்தான், தோள்பட்டி, சப்பாத்து எல்லாவற்றுக்கும் நான் சேர்த்து வைத்திருக்கும் படங்களைக் கொடுக்கத் தயார்.